ஸ்கேனில் நல்ல எலும்பு, விழுந்தால் முறிகிற எலும்பு: சர்க்கரை உள்ள பெரியவர்களின் வீட்டாருக்கு

சர்க்கரை வந்து பத்துப் பதினைந்து வருடம் ஆன பெரியவர் ஒருவருக்கு எலும்பு அடர்த்தி ஸ்கேன் எடுத்தால், ரிப்போர்ட் பெரும்பாலும் மோசமாக வராது. கொஞ்சம் உடம்பும் கனமாக இருந்தால், அதே வயதில் சர்க்கரை இல்லாதவரைவிட அவருக்கு அடர்த்தி கூடுதலாகக்கூட இருக்கும். ஆனால் இருவரும் வாசற்படியில் கால் தடுக்கி விழுந்தால், இடுப்பு எலும்பு முறிய அதிக வாய்ப்புள்ளவர் சர்க்கரைக்காரர்தான். நாற்பது வயதுக்கு மேல் நம் ஆட்களுக்குப் பரவலாக வருகிற இரண்டாம் வகைச் சர்க்கரையில், இடுப்பு எலும்பு முறிவு மற்றவர்களைவிடச் சுமார் ஒன்றரை மடங்கு என்று பல நாட்டு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. சின்ன வயதிலேயே இன்சுலின் தேவைப்படுகிற முதல் வகையில் அது நான்கு மடங்குக்கும் மேலே போகிறது.

சர்க்கரை உள்ளவர்களுக்குக் கண் பார்க்க வேண்டும், கிட்னி பார்க்க வேண்டும், பாதத்தைப் பார்க்க வேண்டும் என்பதெல்லாம் இன்று நம் பக்கத்துக் கிராமங்களிலும் தெரியும். எலும்பைப் பற்றிப் பேசுவது குறைவு. 2023-ல் வெளியான ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) ஆய்வின் கணக்குப்படி நாட்டில் சுமார் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை இருக்கிறது. மருந்தும் கவனிப்பும் முன்னேறியதால் அவர்களில் பலர் எழுபது, எண்பது வயது வரை நன்றாக வாழ்கிறார்கள். எலும்பு முறிகிற வயதும் அதுதான். அதனால் இது இனி ஒவ்வொரு வீட்டிலும் பேச வேண்டிய விஷயம். தர்மபுரி, கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு இதில் இன்னொரு கூடுதல் காரணமும் உண்டு. அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்வோம். 'எலும்பு தேய்மானம்' என்று நாம் சொல்வதில் பாதிக்கு மேல் முழங்கால் மூட்டுத் தேய்மானம். வலி அதற்கு முதல் அடையாளம். இங்கே பேசுவது வேறு. இது எலும்பே உள்ளுக்குள் பலம் இழப்பது. முறிகிற நாள் வரை வலிக்காது.

எலும்புக்குள் நடப்பது

எலும்பில் இரண்டு முக்கியமான சரக்குகள் உண்டு. ஒன்று கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்த தாது. இது கடினத்தைத் தருகிறது. இன்னொன்று கொலாஜன் என்ற புரத நார். அடி விழும்போது கொஞ்சம் வளைந்து கொடுத்து, அந்த அதிர்ச்சியை வாங்கிக்கொள்கிற வேலை இதனுடையது. அடர்த்தி ஸ்கேன் அளப்பது முதல் சரக்கை மட்டும்தான். நார் எந்த நிலையில் இருக்கிறது என்று அதற்குத் தெரியாது.

சர்க்கரை கெடுப்பது பெரும்பாலும் அந்த நாரை. ரத்தத்தில் குளுக்கோஸ் அதிகமாக இருந்தால் அது புரதங்களில் போய் ஒட்டிக்கொள்ளும். மூன்று மாதச் சராசரி என்று நாம் பார்க்கிற ஹெச்பிஏ1சி டெஸ்ட் இதை வைத்துத்தான் நடக்கிறது. சிவப்பணுவில் உள்ள ஹீமோகுளோபினில் எவ்வளவு சர்க்கரை ஒட்டியிருக்கிறது என்று அதில் பார்க்கிறார்கள். சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள். அது போய்ப் புதியது வந்துவிடுகிறது, கணக்கும் புதிதாகத் தொடங்குகிறது. எலும்பில் இருக்கிற கொலாஜனுக்கு அப்படி இல்லை. அது வருடக்கணக்கில் அங்கேயே இருக்கும். அதன்மேல் ஒட்டிய சர்க்கரை நாளாக நாளாக வேதி மாற்றம் அடைந்து, ஒரு நாரையும் பக்கத்து நாரையும் தாறுமாறாகப் பிணைத்துவிடுகிறது. நார் விறைத்துப் போகிறது. பாலக்கோட்டுப் பக்கம் தக்காளித் தோட்டத்தில் சொட்டுநீர்க் குழாயைப் பல வெயில் பார்க்க விட்டால் என்ன ஆகும்? தடிமன் அதேதான், எடையும் அதேதான். வளைத்தால் மட்டும் படக்கென்று ஒடியும்.

இதோடு பழுது பார்க்கிற வேலையும் மந்தமாகிவிடுகிறது. எலும்பு உயிருள்ள பொருள். ஒரு வகைச் செல்கள் பழைய எலும்பைக் கரைக்கும், இன்னொரு வகைச் செல்கள் அந்த இடத்தில் புதிதாகக் கட்டும். இப்படிச் சுமார் பத்து வருடத்தில் மொத்த எலும்புக்கூடும் புதுப்பிக்கப்படுகிறது. நடப்பது, குனிவது, சுமப்பது என்று அன்றாடம் விழுகிற நுண்ணிய விரிசல்கள் எல்லாம் இதில்தான் சரியாகின்றன. சர்க்கரை நோயில் கட்டுகிற செல்கள் சுறுசுறுப்பை இழக்கின்றன. புதிய எலும்பு வருவது குறைகிறது, விரிசல் அப்படியே கிடக்கிறது, சர்க்கரை ஒட்டிய பழைய நார் இன்னும் பழையதாகிறது. சிலருக்கு, அதிலும் ஏற்கெனவே முறிவு கண்டவர்களுக்கு, எலும்பின் வெளிச்சுவரிலும் நுண்துளைகள் பெருகியிருப்பதைப் பார்த்திருக்கிறார்கள்.

அப்படியென்றால் அடர்த்தி ஏன் நன்றாக இருக்கிறது? உடல் எடை கூடுதலாக இருந்தால் அதைத் தாங்கத் தாங்க எலும்பில் தாது சேரும். இரண்டாம் வகைச் சர்க்கரையின் தொடக்க வருடங்களில் ரத்தத்தில் இன்சுலினும் அதிகமாகச் சுற்றுகிறது. இன்சுலின் எலும்பை வளர்க்கக்கூடியது. முதல் வகையில் கதை வேறு. எலும்பு வளர்ந்து உச்சத்துக்குப் போக வேண்டிய இளவயதிலேயே இன்சுலின் இல்லாமல் போவதால் அவர்களுக்கு அடர்த்தியும் குறைவு, தரமும் குறைவு.

நம் தண்ணீர் சொல்லும் பாடம்

அடர்த்தி வேறு, பலம் வேறு என்பதை நம்புவதற்கு இந்த இரண்டு மாவட்டத்துக்காரர்கள் வெளியூர்ச் சான்று தேட வேண்டியதில்லை. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம் உள்ள பகுதிகள் நம்மிடம் நிறைய. பல்லில் பழுப்புக் கறை விழுந்த பெரியவர்களை எல்லா ஊரிலும் பார்க்கிறோம். குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. அதைத் தாண்டிய தண்ணீரை வருடக்கணக்கில் குடித்தால் பல்லோடு நிற்காமல் எலும்பிலும் ஃபுளோரைடு படியும். முதுகு விறைக்கும், மூட்டு மடங்காது. எக்ஸ்ரேயில் முதுகெலும்பு வெள்ளையாக, அடர்த்தியாகத் தெரியும். பார்த்தால் பலமான எலும்பு மாதிரிதான் இருக்கும்.

இந்த அடர்த்தியை நம்பி ஒருகாலத்தில் ஃபுளோரைடையே எலும்புக்கு மருந்தாகக் கொடுத்துப் பார்த்தார்கள். மாதவிடாய் நின்ற, எலும்பு மெலிந்த பெண்களுக்கு நான்கு வருடம் சோடியம் ஃபுளோரைடு கொடுத்த அமெரிக்க ஆய்வின் முடிவு 1990-ல் வெளியானது. கீழ் முதுகெலும்பின் அடர்த்தி 35 சதவீதம் ஏறியிருந்தது. ஆனாலும் முதுகெலும்பு முறிவு குறிப்பிடும்படி குறையவில்லை. கை, கால், இடுப்பு போன்ற மற்ற எலும்புகளில் முறிவு அதிகமானது. அடர்த்தியை மட்டும் வைத்து எலும்பை எடை போடக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சோதனையை நான் அறியேன்.

காவிரித் தண்ணீரைக் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர், ஃபுளோரோசிஸ் (ஃபுளோரைடால் பல்லும் எலும்பும் கெடுகிற நோய்) தணிப்புத் திட்டம் 2013-ல் தொடங்கிவைக்கப்பட்டது. இன்றைய பிள்ளைகளுக்கு அது பெரிய காவல். ஆனால் இப்போது அறுபத்தைந்து, எழுபது வயதில் இருப்பவர்கள் வாழ்நாளில் பெரும்பகுதி போர்த் தண்ணீர் குடித்தவர்கள். அவர்களுக்குச் சர்க்கரையும் சேர்ந்தால் இரண்டு விஷயம் நடக்கிறது. சர்க்கரை கட்டுக்குள் இல்லாதபோது தாகம் எடுத்துச் சொம்பு சொம்பாகக் குடிப்பார்கள், அந்த அளவுக்கு ஃபுளோரைடும் உள்ளே போகும். உடம்பிலிருந்து ஃபுளோரைடை வெளியேற்றுவது கிட்னி. அது சர்க்கரையால் பழுதாகியிருந்தால் ஃபுளோரைடு கூடுதலாகத் தங்கும். அதனால் காவிரித் தண்ணீர் வருகிற வீட்டில் பெரியவர்களுக்கும், சமையலுக்கும் அதையே ஒதுக்குங்கள். குழாயில் வராத நாளில் போர்த் தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடிப்பதால் ஃபுளோரைடு போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அதன் செறிவு கூடத்தான் செய்யும்.

ரிப்போர்ட்டை எப்படிப் படிப்பது

அடர்த்தி ஸ்கேனுக்கு டெக்ஸா என்று பெயர். வலி இல்லை, கதிர்வீச்சு மிகக் குறைவு, சில நிமிடத்தில் முடியும். எல்லா ஊரிலும் கிடைக்காது. ரிப்போர்ட்டில் டி-ஸ்கோர் என்ற எண் இருக்கும். மைனஸ் 1-க்கு மேலே இயல்பு, மைனஸ் 1-க்கும் மைனஸ் 2.5-க்கும் நடுவில் குறைவு, மைனஸ் 2.5-ம் அதற்குக் கீழேயும் எலும்பு மெலிவு நோய். இது பொதுக் கணக்கு.

இரண்டாம் வகைச் சர்க்கரை உள்ளவருக்கு இந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. 2011-ல் வெளியான ஒரு பெரிய ஆய்வு, ஒரே டி-ஸ்கோர், ஒரே வயது என்றாலும் சர்க்கரை உள்ளவருக்கே முறிவு அதிகம் என்று காட்டியது. அந்த வித்தியாசம் ஏறத்தாழ அரைப் புள்ளிக்குச் சமம். எளிதாகச் சொன்னால், உங்கள் அப்பாவின் ரிப்போர்ட்டில் மைனஸ் 2 என்று இருந்தால் அதை மைனஸ் 2.5 போல நினைத்துக்கொள்ள வேண்டும். அதனால்தான் சர்க்கரை உள்ளவர்களுக்கு மைனஸ் 2-லேயே மருந்தைப் பற்றி யோசிக்கலாம் என்று சர்வதேச நிபுணர் குழு பரிந்துரைத்திருக்கிறது. வயதானவர்களின் முதுகெலும்பில் ஓரங்களில் எலும்பு வளர்ந்து அடர்த்தியைப் பொய்யாக ஏற்றிக் காட்டும், ஃபுளோரைடு படிந்திருந்தாலும் அப்படித்தான். ஆகவே இடுப்பு எலும்பின் எண்ணையும் கட்டாயம் பாருங்கள்.

பத்து வருடத்தில் முறிவு வர எவ்வளவு வாய்ப்பு என்று கணக்கிடும் ஃபிராக்ஸ் என்ற முறையையும் டாக்டர்கள் பயன்படுத்துகிறார்கள். அதன் வழக்கமான கேள்விப் பட்டியலில் இரண்டாம் வகைச் சர்க்கரைக்குத் தனிக் கட்டம் கிடையாது. அதனால் முடக்குவாதத்துக்கான (மூட்டுகள் வீங்கி விறைக்கிற ருமட்டாய்டு ஆர்த்ரைடிஸ்) கட்டத்தை டிக் செய்து, சர்க்கரையின் கூடுதல் ஆபத்தை ஈடுகட்டிப் பார்ப்பது ஒரு வழி.

ஸ்கேன் வசதி இல்லை என்றால் ஒன்றும் செய்ய முடியாது என்று இல்லை. சில கேள்விகளே பாதி உண்மையைச் சொல்லிவிடும். சர்க்கரை வந்து பத்து வருடத்துக்கு மேல் ஆகிவிட்டதா? இன்சுலின் போடுகிறாரா? ஹெச்பிஏ1சி தொடர்ந்து 8, 9 என்றே இருக்கிறதா? ஐம்பது வயதுக்கு மேல், நின்ற உயரத்திலிருந்து விழுந்ததற்கே மணிக்கட்டோ தோளோ முறிந்ததுண்டா? இளவயது உயரத்திலிருந்து நான்கு சென்டிமீட்டர் குறைந்து கூன் விழுந்திருக்கிறதா? உயரம் குறைவதை வயதாகிறது என்று விட்டுவிடுகிறோம். முதுகெலும்பு சத்தமில்லாமல் நசுங்கியதற்கு அது அடையாளமாக இருக்கலாம். முதுகுக்கு ஒரு சாதாரண எக்ஸ்ரே எடுத்தாலே தெரிந்துவிடும்.

விழாமல் இருப்பதில்தான் பெரிய பங்கு

எலும்பு எவ்வளவு பலவீனமானாலும், இடுப்பு முறிவு அநேகமாக ஒரு விழுதலுக்குப் பிறகுதான் வருகிறது. சர்க்கரை எலும்பையும் கெடுக்கும், ஆளையும் விழ வைக்கும். என்னைக் கேட்டால், மருந்துச் சீட்டுக்குக் கொடுக்கிற கவனத்தை நாம் இதற்கும் கொடுக்க வேண்டும். இதில் பெரும்பாலானவற்றுக்குச் செலவே இல்லை.

கால் நரம்பிலிருந்து தொடங்குவோம். "பஞ்சு மேல நடக்கற மாதிரி இருக்கு" என்று பெரியவர்கள் சொன்னால் அது சாதாரணக் குடைச்சல் இல்லை. பாதத்தில் உணர்ச்சி குறைந்துவிட்டது. செருப்பு கழன்று பின்னால் கிடக்கும், அது தெரியாமலே பத்தடி நடந்திருப்பார்கள். தரை எங்கே இருக்கிறது என்று பாதம் மூளைக்குச் சொல்லவில்லை என்றால் கண்ணை நம்பித்தான் நடக்க வேண்டும். இருட்டில் அந்த வழியும் அடைபடும். சர்க்கரையால் விழித்திரையும் கெட்டிருந்தால், கண்புரையும் இருந்தால், பகலிலேயே படியின் விளிம்பு தெரியாது. மெட்பார்மின் மாத்திரையைப் பல வருடம் சாப்பிடுகிறவர்களுக்கு வைட்டமின் பி12 குறையலாம். அதனாலும் நரம்பு கெடும். ஒரு ரத்த டெஸ்டில் தெரிகிற, சரிசெய்யக்கூடிய காரணம் அது. அதைக் கேட்டு எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது தாழ் சர்க்கரை. 70-க்குக் கீழே போனால் கை நடுக்கம், வியர்வை, கண் இருட்டல், தடுமாற்றம். கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு வகை மாத்திரைகளும் இன்சுலினும் சாப்பாடு தவறினால் இதைக் கொண்டுவரும். புரட்டாசி சனிக்கிழமை விரதம், கல்யாண வீட்டில் பந்தி தாமதம், களையெடுக்கப் போய் மதியச் சாப்பாடு மூன்று மணிக்கு என்று நம் வாழ்க்கையில் வேளை தவற நூறு காரணம் உண்டு. விரதம் இருப்பதை நிறுத்தச் சொல்லி எந்தப் பாட்டியையும் சம்மதிக்க வைக்க முடியாது. அன்றைக்கு மாத்திரையை எப்படி மாற்றுவது என்று டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டு வைப்பதுதான் நடக்கிற காரியம். எழுபது தாண்டியவருக்கு ஹெச்பிஏ1சி 6-ல் நிற்க வேண்டும் என்று பிள்ளைகள் பிடிவாதம் பிடிப்பதும் ஆபத்து. நல்ல உடல்நிலையில் இருக்கும் முதியவருக்கு 7 முதல் 7.5, தளர்ந்தவருக்கு 8 வரை போதும் என்பதே இன்று பெரும்பாலான வழிகாட்டுதல்கள் சொல்கிற இலக்கு.

அப்புறம், ராத்திரி. சர்க்கரை உள்ளவர்கள் இரவில் இரண்டு மூன்று தடவை எழுவார்கள். படுத்திருந்தவர் சட்டென்று எழுந்து நின்றால் ரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றும். சர்க்கரையால் நரம்பு கெட்டவர்களுக்கு இது அதிகம். பிபி மாத்திரையும், ஆண்களுக்கு புராஸ்டேட் மாத்திரையும் சேர்ந்தால் இன்னும் அதிகம். நம் ஊர் வீடுகளில் பலவற்றில் கழிப்பறை வெளியே இருக்கும். ஓர் உயரமான நிலைப்படி, இரண்டு படி, ஈரமான சிமெண்ட் முற்றம், அதைத் தாண்டிப் போக வேண்டும். என் அம்மா இருட்டிலேயே போய் வருகிறார் என்பது எங்களுக்கு ரொம்ப நாள் தெரியாது. ஏம்மா லைட்டு போடலை என்று கேட்டதற்கு, "லைட்டு போட்டா உங்க தூக்கம் கெட்டுடும்னுதான்" என்றார். நம் வீட்டுப் பெரியவர்கள் பலர் இந்த மாதிரிதான். அவர்களிடம் ஜாக்கிரதை என்று சொல்வதைவிட, அவர்கள் போட வேண்டிய அவசியமே இல்லாத ஒரு சின்ன இரவு விளக்கை மாட்டிவிடுவது உத்தமம். சுவரோரம் ஒரு கைப்பிடிக் கம்பி, முற்றத்தில் பாசி வழுக்காமல் பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்தல், கட்டிலில் ஒரு நிமிடம் உட்கார்ந்துவிட்டு எழும் பழக்கம். கால் பிடிப்பில்லாத பழைய ரப்பர் செருப்பை எடுத்துப் போட்டுவிட்டு, பின்னால் வார் வைத்த செருப்பு வாங்கிக் கொடுங்கள்.

தசையும் முக்கியம். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து தொடர்ந்து ஐந்து முறை எழுந்து உட்காரச் சொல்லிப் பாருங்கள். முடியவில்லை என்றால் தொடைத் தசை தளர்ந்துவிட்டது. அந்தச் சோதனையே பயிற்சியும்கூட. திடமான நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, பக்கத்தில் ஒருவர் நின்றுகொண்டு, முடிந்த தடவை காலையும் மாலையும் செய்யலாம். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்குவது, ஒரு காலில் நிற்பது எல்லாம் சேர்த்துக்கொள்ளலாம். நடைப்பயிற்சி சர்க்கரைக்கு நல்லது. சமநிலைக்கும் தசைக்கும் அது மட்டும் போதாது. நம்மிடம் இதற்கு உதவி வீட்டுக்கே வருகிறது. கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிபி, சர்க்கரை மாத்திரையோடு பிசியோதெரபியும் உண்டு. மாத்திரை கொண்டுவரும் தன்னார்வலரிடம், எங்க அம்மா நடக்கத் தடுமாறுகிறார், பிசியோதெரபிஸ்ட்டை அனுப்ப முடியுமா என்று கேளுங்கள். கேட்காமல் அவருக்குத் தெரியாது.

மாத்திரை அட்டையைத் திருப்பிப் பாருங்கள்

முன்பக்கம் கம்பெனிப் பெயர் பெரிதாக இருக்கும். பின்பக்கம் பொடி எழுத்தில் மருந்தின் பெயர் இருக்கும். சர்க்கரைக்கு ஒரே மாத்திரையில் மூன்று மருந்து சேர்ந்து வருவது நம் கடைகளில் சகஜம். அதில் பயோகிளிட்டசோன் என்று இருந்தால், குறிப்பாக மாதவிடாய் நின்ற பெண்கள், அடுத்த தடவை டாக்டரிடம் எலும்பைப் பற்றிக் கேளுங்கள். இந்த வகை மருந்து பெண்களுக்கு எலும்பு முறிவை அதிகமாக்குவது ஆய்வுகளில் உறுதியான ஒன்று. கனகிளிபுளோசின் என்ற மருந்துக்கும் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2015-ல் எலும்பு முறிவு பற்றிய எச்சரிக்கையை வலுப்படுத்தியது. மெட்பார்மின் எலும்புக்குக் கெடுதல் செய்வதில்லை. எதையும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். மாற்று இருக்கிறதா என்று கேட்பதே போதும்.

இதைவிட எனக்குக் கவலை தருவது ஸ்டீராய்டு. மூட்டு வலிக்கு, வீசிங்குக்கு என்று சீட்டு இல்லாமல் வாங்கிப் பழகிய சின்ன மாத்திரை, உடனே வலி போகிறது என்று சந்தையில் வாங்குகிற பெயரில்லாத பொடி, இவற்றில் பிரட்னிசலோன், டெக்ஸாமெத்தசோன் போன்றவை இருக்கலாம். அவை சர்க்கரையை ஏற்றும், எலும்பையும் வேகமாகக் கரைக்கும். மாதக்கணக்கில் சாப்பிட்டவர் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து. டாக்டரிடம் உண்மையைச் சொல்லிப் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

களியும் வெயிலும்

சாப்பாட்டில் நமக்கு ஒரு கொடுப்பினை இருக்கிறது. 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் உண்டு. அரிசியில் அது பத்துப் பதினைந்தைத் தாண்டாது. ஐசிஎம்ஆர் கணக்குப்படி பெரியவர்களுக்கு நாளுக்கு 1000 மில்லிகிராமும், மாதவிடாய் நின்ற பெண்களுக்கு 1200-ம் வேண்டும். 2023-ல் தர்மபுரி ரேஷன் கடைகளில் அரிசிக்குப் பதிலாக இரண்டு கிலோ கேழ்வரகு கொடுக்கத் தொடங்கியபோது நான் மகிழ்ந்தேன்.

ஆனால் களி என்றால் சர்க்கரை ஏறாது என்ற நம்பிக்கை சரியில்லை. கேழ்வரகிலும் முக்கால் பங்குக்குக் கொஞ்சம் குறைவாக மாவுச்சத்துதான். பெரிய உருண்டை இரண்டு சாப்பிட்டால் ஏறத்தான் செய்யும். உருண்டையைச் சின்னதாக்கி, தொட்டுக்கொள்கிறதைப் பெரிதாக்குங்கள். கீரைக் கடைசல், கொள்ளுக் குழம்பு, மொச்சை, ஒரு முட்டை. எலும்புக்கும் தசைக்கும் புரதம் வேண்டும், வயதானவர்கள் அதில்தான் குறைவைக்கிறார்கள். பாதி நாள் வெறும் ரசம் சோறு. கிட்னி பாதிப்பு உள்ளவர்கள் மட்டும் புரத அளவை டாக்டரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். முளைகட்டிய கேழ்வரகிலும் புளிக்கவைத்த கூழிலும் கால்சியம் இன்னும் நன்றாக உடம்பில் சேரும்.

இவ்வளவு வெயில் அடிக்கிற நாட்டில் வைட்டமின் டி குறைவு பரவலாக இருப்பது உண்மை. வீட்டுக்குள்ளேயே இருக்கிற பெரியவர்களுக்கு, காலை ஏழு மணி இளவெயில் இதற்குப் போதாது. வெயில் ஏறிய பிறகு கையும் காலும் படும்படி கொஞ்ச நேரம் உட்கார வேண்டும். 60,000 யூனிட் வைட்டமின் டி வாரம் ஒன்று என்று எழுதிக் கொடுத்தால் அதை வாரம் ஒன்றாகவே, சொன்ன வாரங்கள் மட்டும் சாப்பிடுங்கள். தினமும் ஒன்று போட்டு ரத்தத்தில் கால்சியம் ஏறி ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்கள் உண்டு.

எலும்பைப் பலப்படுத்தும் தனி மருந்துகளும் இருக்கின்றன. வாரம் ஒரு அலென்ட்ரோனேட் மாத்திரை, வருடம் ஒரு முறை ஏற்றும் சோலெட்ரோனிக் ஆசிட், இன்னும் சில ஊசிகள். சர்க்கரை உள்ளவர்களுக்கும் இவை பலன் தருகின்றன. கிட்னி எப்படி இருக்கிறது என்று பார்த்துத்தான் தேர்ந்தெடுப்பார்கள்.

விழுந்துவிட்டால்

பெரியவர் விழுந்து, எழ முடியவில்லை, ஒரு கால் குட்டையாகி வெளிப்பக்கம் திரும்பிக் கிடக்கிறது என்றால் இடுப்பு எலும்பு முறிந்திருக்கிறது. எண்ணெய் போட்டு நீவாதீர்கள். எழுப்பி நடக்கவைத்துப் பார்க்காதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள். சிலர் முறிவோடேயே நொண்டி நடப்பார்கள். விழுந்த பிறகு தொடை இடுக்கில் வலி போகவில்லை என்றால் நடக்கிறாரே என்று விடாமல் எக்ஸ்ரே எடுக்க வேண்டும்.

இடுப்பு முறிவுக்குக் கட்டு வைத்தியம் உதவாது. சர்க்கரை உள்ளவருக்குக் கை, கால் முறிவிலும் மூங்கில் பத்தை வைத்து இறுக்கிக் கட்டுவது ஆபத்து. உணர்ச்சி குறைந்த கால் என்பதால் கட்டு அழுத்திப் புண்ணாவது அவருக்கே தெரியாது. அவிழ்க்கும்போது கால் கறுத்திருக்கும். இடுப்பு முறிவுக்கு முடிந்தவரை 48 மணி நேரத்துக்குள் ஆபரேஷன் செய்வது நல்லது. நாள் கடக்கக் கடக்க நிமோனியா, படுக்கைப் புண், காலில் ரத்தக் கட்டு என்று ஒவ்வொன்றாகச் சேரும். சர்க்கரை அதிகமாக இருக்கிறது, குறையட்டும் என்று வீட்டில் காத்திருக்க வேண்டாம். அதை ஆஸ்பத்திரியில் இன்சுலின் போட்டு வேகமாகக் கட்டுக்குள் கொண்டுவருவார்கள். இன்சுலின் போட்டால் பழகிவிடும் என்று சில வீட்டார் அங்கே தகராறு செய்கிறார்கள். புண் ஆறவும் கிருமி தொற்றாமல் இருக்கவும் அந்த நேரத்துக்கு அது வேண்டும். பிறகு பழைய மாத்திரைக்கே திரும்பலாமா என்று டாக்டர் பார்த்துச் சொல்வார்.

ஒருமுறை முறிந்தவருக்கு அடுத்த முறிவு வர அதிக வாய்ப்பு முதல் இரண்டு வருடத்தில். ஆபரேஷன் முடிந்து தையல் பிரித்ததும் எல்லாம் முடிந்தது என்று கிளம்பிவிடுகிறோம். டிஸ்சார்ஜ் ஆகிற அன்று எலும்பு டாக்டரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: எலும்பைப் பலப்படுத்தும் மருந்து எப்போது தொடங்குவது? நடக்கப் பழக்க யார், வாரம் எத்தனை நாள் வருவார்கள்? அந்த டிஸ்சார்ஜ் சீட்டின் ஒரு நகலை, சர்க்கரைக்கு மாத்திரை வாங்குகிற ஆரம்ப சுகாதார நிலையத்திலும் கொடுத்துவிடுங்கள். சர்க்கரை மாத்திரையை எழுதுகிறவருக்கு, இவருக்கு எலும்பு முறிந்தது தெரிந்திருக்க வேண்டும்.